பன்னிரண்டு வோல்ட்டும் என் வலது காலும்

என் வலது கால் பட்டு ஒரு கம்ப்யூட்டர் செத்துப்போனது என்பது எங்கள் குடும்பத்தில் எல்லோரும் ஏற்றுக்கொண்ட வரலாறு. அது பொய். கம்ப்யூட்டரைக் கொன்றது பன்னிரண்டு வோல்ட். அந்தப் பன்னிரண்டு வோல்ட்டை யுஎஸ்பி வழியாக அதன் வயிற்றுக்குள் அனுப்பிவைத்தது நான். இதைச் சம்பவம் நடந்த இடத்திலேயே, சாட்சிகள் முன்னிலையில், கற்பூரம் அணைவதற்குள் ஒப்புக்கொண்டும் விட்டேன். ஒருவரும் நம்பவில்லை. தப்புச் செய்தவர்கள் பொதுவாக, செய்தது தாங்கள் இல்லை என்று நம்பவைக்கப் பாடுபடுவார்கள். செய்தது நான்தான் என்று நம்பவைக்க இத்தனை வருடமாக மல்லுக்கட்டிக்கொண்டிருப்பது திருப்பூர் வட்டாரத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருக்கும்.

அப்போது நான் எலக்ட்ரானிக்ஸ் இன்ஜினியரிங் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தேன். இரண்டாயிரங்களின் நடுப்பகுதி. படித்தவர்கள் என்று காட்டிக்கொள்ள விரும்பியவர்கள் எல்லோரும் பென் டிரைவைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிந்த காலம். (நானும் மாட்டியிருந்தேன். உள்ளே ஒன்றும் இல்லை.) என் அறிவைப் பற்றி எனக்கு மிக உயர்ந்த அபிப்பிராயம் இருந்தது. வீட்டுக் காலிங் பெல்லைப் பாட்டுப் பாடவைக்கிறேன் என்று பிரித்துப் போட்டிருந்தேன். அதற்குப் பிறகு வந்த விருந்தாளிகள் கதவைத் தட்டினார்கள். டார்ச் லைட், மிக்ஸி, அப்பாவின் பழைய ரேடியோ என்று என்னிடம் சிகிச்சைக்கு வந்து எழுந்திருக்காமலே போனவர்கள் பலர். ஆனாலும் "எம் பொண்ணு கரண்டு வேலையெல்லாம் செய்வா" என்று அம்மா ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தாள். எனக்கும் அதில் ஆட்சேபம் இருக்கவில்லை.

அவிநாசிக்குப் போகிற வழியில் எங்களுக்கு ஒரு சின்ன பனியன் கம்பெனி. குழந்தைகள் உடுப்புதான் அதிகம். வரிசையாகத் தையல் மிஷின்கள், ஒரு செக்கிங் டேபிள், பின்பக்கம் அயர்ன் பண்ணுகிற இடம். அப்பா அந்த வருடம் துணிந்து கடன் வாங்கி ஓர் எம்பிராய்டரி மிஷின் போட்டிருந்தார். அந்த மிஷினுக்குப் படம் போட்டுக் கொடுக்க ஒரு கம்ப்யூட்டர், கம்ப்யூட்டருக்கு ஒரு தனி அறை, அறைக்கு ஒரு ஏசி. கம்பெனியில் ஏசி வசதி பெற்ற ஒரே நபர் அந்தக் கம்ப்யூட்டர்தான். முதலாளிக்கு ஃபேன்.

கம்ப்யூட்டரை ஆண்டுகொண்டிருந்தவர் சேவியர் அண்ணன். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர். பஞ்சிங் மாஸ்டர். அதாவது ஒரு படத்தைக் கொடுத்தால், ஊசி எங்கே குத்த வேண்டும், எங்கே திரும்ப வேண்டும், எந்த நூலை எடுக்க வேண்டும் என்று மவுசால் ஒவ்வொரு புள்ளியாகத் தட்டித் தட்டி மிஷினுக்குச் சொல்லிக் கொடுப்பவர். அந்தக் கம்ப்யூட்டரை அவர் பச்சைப் பிள்ளையைப் போல வைத்திருந்தார். செருப்போடு யாரும் உள்ளே போகக் கூடாது. டீ கிளாஸ் வாசலோடு சரி. பென் டிரைவில் வைரஸ் வரும் என்பதால் என் கழுத்தில் தொங்கியதையும் வெளியே ஆணியில் மாட்டிவிட்டுத்தான் போக வேண்டும். எங்கள் ஊரில் காற்றை விடப் பஞ்சுதான் அதிகம் பறக்கும் என்பதால், மிச்சமான இன்டர்லாக் துணியில் மானிட்டருக்கும் சிபியூவுக்கும் உறை தைத்துப் போட்டிருந்தார்கள். தைத்த டெய்லர் பழக்க தோஷத்தில் சிபியூவின் உறைக்குக் கழுத்தில் ரிப் பட்டி வைத்து, உள்ளே சைஸ் லேபிளும் சேர்த்துவிட்டார். எக்ஸ்எல்.

இது போதாதென்று, கண் படக் கூடாது என்று அம்மா எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் கோத்து மானிட்டருக்குப் பின்னால் கட்டியிருந்தாள். ஆக, தூசி, பஞ்சு, வைரஸ், கொள்ளிக்கண் என்று சகலத்திலிருந்தும் அந்தக் கம்ப்யூட்டருக்குப் பாதுகாப்பு இருந்தது. முதலாளியின் மகளிடமிருந்து காப்பாற்ற மட்டும் யாருக்கும் தோன்றவில்லை.

அந்த நேரத்தில்தான் யானை வந்தது. குழந்தைகள் உடுப்பின் நெஞ்சில் போட வேண்டிய யானை, தும்பிக்கையில் குடை பிடித்துக்கொண்டு, காலில் ஷூ மாட்டிக்கொண்டு நிற்கும். வெளிநாட்டுக் கம்பெனிக்காரன் வரைந்து அனுப்பியிருந்தான். விஜயதசமி அன்று மத்தியானம், அவனுக்காக இங்கே சரக்குப் பிடித்துக் கொடுக்கிற பையிங் ஆபீஸ் ஆள் வந்து சாம்பிளை வாங்கிக்கொண்டு போவார். பிடித்திருந்தால் ஆர்டர். எம்பிராய்டரி மிஷினை அப்பா வாங்கியதே இந்த ஒரு ஆர்டரை நம்பித்தான். எனக்கும் அந்த யானை மேல் ஒரு சொந்தக் கணக்கு இருந்தது. படிப்பு முடிந்ததும் எனக்கு மாப்பிள்ளை பார்த்துவிட வேண்டும் என்று அம்மா ஜாதகத்தைக் கையில் எடுத்துவிட்டிருந்தாள். அப்பா ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே அம்மாவிடம், "ஏனுங்க, கொஞ்சம் பொறுங்க. இந்த ஆனை ஆர்டர் வந்துருச்சுன்னா எனக்கு ஆபீஸ்ல படிச்ச ஆளு வேணும். அம்மிணி நம்ம கம்பெனியிலயே இருக்கட்டும்" என்று சொல்லியிருந்தார். யானை வந்தால் எனக்குக் கம்பெனி. வராவிட்டால் வெள்ளகோவிலில் யாரோ ஒரு மாப்பிள்ளை. இதுதான் நிலவரம்.

சேவியர் அண்ணன் அந்த யானையின் காதில் பாதிதான் தாண்டியிருந்தார், கை மணிக்கட்டு வீங்கிக்கொண்டது. நாள் முழுக்க மவுசைத் தட்டித் தட்டி வந்த வலி. தைலத்தைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"விரல அசைச்சா முழங்கை வரைக்கும் கடுக்குல்லா பாப்பா. இந்த யானைய முடிச்சிட்டு நான் ஊருக்கே போயிரலாம்னு இருக்கேன்" என்றார்.

நான் கண்ணாடிக் கதவு வழியாக வெளியே பார்த்தேன். வரிசையாக டெய்லர்கள். எல்லோருடைய கையும் துணியை நகர்த்திக்கொண்டிருந்தது. மிஷினை ஓட்டியது கால். எனக்கு ஞானோதயம் ஆனது அப்போதுதான். தையல் மிஷினைக் காலால் ஓட்டலாம் என்றால் மவுசைக் காலால் தட்டக் கூடாதா?

மூலையில் பழுதாகிக் கிடந்த ஒரு மிஷினின் பெடலைக் கழற்றினேன். அதன் அடியில் சின்ன சுவிட்ச் ஒன்றைப் பொருத்தினேன். ஒரு பழைய யுஎஸ்பி மவுசைப் பிரித்து, அதன் இடது பட்டனிலிருந்து இரண்டு வயரை இழுத்துப் பெடல் சுவிட்சோடு பற்ற வைத்தேன். அவ்வளவுதான். பெடலை மிதித்தால் கம்ப்யூட்டரில் ஒரு க்ளிக். வலிக்காத கையால் இன்னொரு மவுசை வைத்து அம்புக்குறியை நகர்த்திக்கொள்ளலாம்.

"என்ன பாப்பா, கம்ப்யூட்டரப் போயி மிதிக்கச் சொல்லுதீய" என்று சேவியர் அண்ணன் பின்வாங்கினார். நான் வற்புறுத்திய பிறகு, கோயில் படியில் கால் வைப்பது போலச் செருப்பில்லாத காலால் மெதுவாகத் தொட்டார். க்ளிக். இன்னொரு முறை. க்ளிக். அவர் முகத்தில் வந்த சிரிப்பை நான் இன்னும் மறக்கவில்லை. மீதி யானையை அவர் காலாலேயே முடித்தார். பாதிக் காது, குடை, ஷூ எல்லாம் பெடலில் வந்தவை. இதை இங்கே அழுத்திச் சொல்கிறேன்: என் பெடல் வேலை செய்தது. (இதையும் யாரும் ஞாபகம் வைத்திருக்கவில்லை.)

ஆயுத பூஜைக்கு முன்பே யானை தயார். அதை ஃப்ளாப்பியில் ஏற்றி எம்பிராய்டரி மிஷினில் போட்டுவிட்டிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. ஆனால் புது டிசைனை விஜயதசமி அன்று காலையில், நல்ல நேரத்தில் தொடங்கினால்தான் விளங்கும் என்று அம்மா சொல்லிவிட்டாள். ஃப்ளாப்பிகளுக்கும் குங்குமம் வைத்துப் பூஜையில் அடுக்கியாயிற்று. யானை கம்ப்யூட்டருக்குள்ளேயே இருந்தது. வேறெங்கும் இல்லை.

ஆயுத பூஜை அன்று காலையில் அப்பா பெடலைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். அவருக்குப் பெருமைதான், ஆனால் ஒரு குறை.

"மிதிச்சா ஒண்ணுந் தெரிய மாட்டேங்குதே அம்மிணி. சாயங்காலம் ஆளுங்க எல்லாரும் வந்து நிப்பாங்க. மிதிச்சா ஒரு லைட்டாவது எரிஞ்சா நல்லா இருக்குமல்ல?"

"எரிய வெச்சுரலாமுங்கப்பா" என்றேன். இந்த வாக்கியத்தைச் சொல்வதற்கு எனக்கு ஒரு விநாடி கூட ஆகவில்லை.

அதே பழைய மிஷினிலிருந்து ஊசிக்கு வெளிச்சம் காட்டுகிற வளைகழுத்து விளக்கை எடுத்தேன். அதற்குத் தனி அடாப்டர், பன்னிரண்டு வோல்ட். யுஎஸ்பிக்கு ஐந்து வோல்ட்தான் ஆகாரம். இரண்டும் ஒன்றையொன்று பார்க்கவே கூடாது. நடுவில் ஒரு ஃபியூஸோ, பலி கொடுக்க ஒரு மலிவான யுஎஸ்பி ஹப் பெட்டியோ வைத்துவிட வேண்டும், ஏதாவது தப்பானால் அது போகும், கம்ப்யூட்டர் பிழைத்துக்கொள்ளும் என்று எங்கள் லேபில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். சொன்னபோது முன்பெஞ்சில் உட்கார்ந்து தலையாட்டியது நான்தான்.

விளக்கை இணைக்க ஸ்க்ரூடிரைவரைத் தேடினேன். காணோம். சால்டரிங் அயர்ன், கட்டிங் பிளேயர், மல்டிமீட்டர் எதுவும் பெட்டியில் இல்லை. வெளியே போய்ப் பார்த்தால் சாமி படத்துக்கு முன்னால் எல்லாம் வரிசையாக இருந்தன. குளித்து, சந்தனம் இட்டு, நெற்றி நிறையக் குங்குமத்தோடு. மல்டிமீட்டருக்கு ஒரு செவ்வந்திப் பூவும்.

"அம்மா, அந்த மீட்டரை மட்டும் குடும்மா. ஒரு தடவ செக் பண்ணிட்டுத் தந்தர்றேன்."

"பூஜைக்கு வெச்சத எடுக்கறதா? நாளைக்குக் காலைல மறுபூஜை போட்டுத்தான் எடுக்கோணும். எங்கியாவது உண்டுமா கண்ணு?"

கத்தரிக்கோலும் பூஜையில். சமையலறைக் கத்தியும் அரிவாள்மணையும் கூடப் பூஜையில். (அன்று எங்கள் வீட்டில் நறுக்காமல் செய்யக்கூடிய குழம்புதான்.) வேறு வழியில்லாமல் வயரின் மேல்தோலைக் கடித்து உரித்தேன். பல்லைப் பூஜையில் வைக்கும் வழக்கம் நல்லவேளையாக இல்லை. பெடலுக்குள் ஒரே ஒரு சுவிட்ச்தான் இருந்தது. விளக்கின் வயரையும் மவுசின் வயரையும் அதே சுவிட்சில் கையால் முறுக்கிக் கட்டி, டேப்பைச் சுற்றினேன். ஒரு தடவை மீட்டரை வைத்துப் பார்த்திருந்தால் விளக்குக் கரண்டு நேராக மவுசுக்குள் பாயப் போகிறது என்று அது கத்தியிருக்கும். மீட்டர் சாமி கும்பிட்டுக்கொண்டிருந்தது.

சாயங்காலம் கம்பெனி நிறைய ஆட்கள். வாழைக்கன்று, மாவிலை, பொரிகடலை. ஒவ்வொரு மிஷினுக்கும் மாலை. கம்ப்யூட்டருக்குப் பழைய உறையைக் கழற்றிப் புது பனியன் போட்டிருந்தார்கள். மானிட்டரின் நெற்றியில் திருநீற்றுப் பட்டை. தீபாராதனை காட்டி முடிந்ததும் எங்கள் வழக்கப்படி ஒவ்வொரு டெய்லராகப் போய் அவரவர் பெடலை ஒரு தரம் மிதித்து, மிஷினை ஓடவிட்டு நிறுத்தினார்கள். கடைசியாக எல்லோரும் ஏசி ரூம் வாசலுக்கு வந்தார்கள்.

சேவியர் அண்ணன் மிதிக்க வேண்டியது. அவர் ஒதுங்கி நின்று, "பாப்பா கண்டுபுடிச்சது, பாப்பாவே மிதிக்கட்டும்" என்றார். நான் மறுக்கவில்லை. மறுக்கிற வயதும் இல்லை. சேலைக் கொசுவத்தைப் பிடித்துக்கொண்டு (அன்றைக்கென்று பட்டுச் சேலை வேறு) வலது காலைப் பெடல் மேல் வைத்து அழுத்தினேன்.

விளக்கு எரிந்தது. பிரமாதமாக எரிந்தது. கூட்டம் கை தட்டியது. அப்பா கூடத் தட்டினார். அவர் எனக்காகக் கை தட்டி நான் அதுவரை பார்த்ததில்லை. எல்லோரும் விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்ததால் அதன் பின்னால் கம்ப்யூட்டர் திரை கறுத்துப்போனதை யாரும் கவனிக்கவில்லை. லேசாக ஒரு கருகல் வாசம் வந்தது.

"சாம்பிராணி கொஞ்சம் ஜாஸ்தியாப் போட்டுட்டீங்களாட்ட இருக்குது" என்று அப்பா அம்மாவிடம் சொன்னார்.

முதலில் பார்த்தவர் சேவியர் அண்ணன். "பாப்பா... அணைஞ்சிட்டு" என்றார். குனிந்து சுவிட்சைப் போட்டார், எடுத்தார், போட்டார். ஒன்றும் இல்லை. சிபியூவின் முதுகில் காதை வைத்துக் கேட்டார். உள்ளே ஃபேன் சத்தம் கூட இல்லை. நிமிர்ந்து என்னைப் பார்த்து, "யானை போயிட்டா பாப்பா?" என்று கேட்டார்.

எனக்குப் புரிந்துவிட்டது. உடனே சொல்லிவிட்டேன். "அப்பா, தப்பு என்னுதுங்க. விளக்கோட பன்னண்டு வோல்ட்டு யுஎஸ்பி வழியா உள்ள போயிருச்சுங்கப்பா."

அப்பா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"எத்தன வோல்ட்டு?"

"பன்னண்டுங்கப்பா."

அவர் திரும்பிக் கூட்டத்தைப் பார்த்தார். "பன்னண்டு வோல்ட்டெல்லாம் ஒரு கரண்டா? நம்ம மோட்டாரெல்லாம் த்ரீ பேஸ், நானூத்து நாப்பதுல ஓடுது. நம்ம ஃபிட்டர் நானூத்து நாப்பதுல கைய வெச்சுப்போட்டே இன்னும் உசுரோட இருக்கறான். பன்னண்டுக்கு இத்தாப் பெரிய கம்ப்யூட்டரு சாகுமா?"

கூட்டத்தில் இருந்த ஃபிட்டர் அடக்கமாகத் தலையாட்டினார். என் நான்கு வருடப் படிப்பு அந்தத் தலையாட்டலில் தோற்றது. அப்போதுதான் அம்மா தீர்ப்புச் சொன்னாள்.

"கால்ல மிதிச்சா சரஸ்வதி நிப்பாளா?"

கூட்டத்தில் எல்லோருக்கும் சட்டென்று விளங்கிவிட்டது.

"சேவியர் அண்ணன் இத்தன நாளா மிதிச்சுட்டுத்தானம்மா இருந்தாரு?"

"அப்ப அது வெறும் கம்ப்யூட்டரு. இப்பப் பொட்டு வெச்சு, சூடங் காட்டி, சாமி வந்து உக்காந்ததுக்கப்பறம் மிதிச்சது நீதான?"

இதற்குப் பதில் எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லை. அம்மா சொன்னபடி, கம்பெனி முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, பட்டுச் சேலையோடு அந்த சிபியூவின் முன்னால் விழுந்து கும்பிட்டேன். தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டபோது மவுஸ் செருகியிருந்த இடம் இன்னும் சூடாக இருந்தது. தான் கொன்ற ஒன்றின் காலிலேயே விழுந்து மன்னிப்புக் கேட்ட அனுபவம் பலருக்கு வாய்த்திருக்காது.

எழுந்ததும் கம்ப்யூட்டர் சர்வீஸ் கார்த்திக்கு போன் செய்தேன். உள்ளே ஹார்ட் டிஸ்க் பிழைத்திருந்தால் யானையும் பிழைத்திருக்கும். பெட்டியைத் திறந்தால்தான் தெரியும்.

"வரலாமுங்கக்கா. ஆனா ஸ்க்ரூடிரைவர் பூஜையில இருக்குதுங்க" என்றான்.

"வேற ஸ்க்ரூடிரைவர் இல்லீங்களா?"

"எல்லாத்தையுந்தான் வெச்சுட்டனுங்க. ஒண்ண விட்டுப்போட்டு ஒண்ண வெச்சா நல்லாருக்காதில்லீங்களா? காலைல எடுத்து மொத வேலையே உங்குளுதுதானுங்க."

கோயமுத்தூரில் ஒரு கடைக்குப் போன் போட்டேன். பூஜையில். சோமனூரில் தறி ஓட்டும் சித்தப்பாவுக்குப் போட்டேன். அவர் ஸ்க்ரூடிரைவரையும் ஸ்பேனரையும் மட்டுமல்லாமல் பைக்கையும் பூஜையில் நிறுத்தியிருந்தார். தமிழ்நாட்டில் அன்று ஒரு திருகாணியைத் திருப்பக் கூட ஆள் கிடையாது. ஒரு ஸ்பூன் காம்பை வைத்து நானே முயன்று பார்த்தேன். ஸ்பூன் வளைந்தது.

ஆட்கள் பொரிப் பொட்டலத்தோடு கிளம்பிப் போனார்கள். அப்பா ஒரு வார்த்தையும் பேசாமல் எம்பிராய்டரி மிஷின் பக்கத்தில் போய் நின்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். மாலை போட்ட அந்த மிஷினைத் தடவிக்கொண்டு அவர் நின்ற நிற்பைப் பார்க்க முடியவில்லை. ஏசி ரூமுக்குள் போனால் சேவியர் அண்ணன் வீங்கிய கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"போட்டும் பாப்பா, அழாதிய" என்றார். அதுவரை நான் அழவில்லை. "கை இருக்குல்லா. திரும்பப் போட்டுருவோம்."

அந்தக் கையைப் பார்த்தேன். அதற்குப் பிறகு அழுதேன். எவ்வளவு கெட்டிக்காரி என்று என்னை நினைத்துக்கொண்டிருந்தேனோ அவ்வளவுக்கும் சேர்த்து வெட்கமாக இருந்தது. அந்த மனிதரின் வலியைக் குறைக்கத்தான் ஆரம்பித்தேன். ஒரு லைட் எரிய வேண்டும், நாலு பேர் கை தட்ட வேண்டும் என்று ஆசைப்பட்ட இடத்தில் எல்லாம் போயிற்று. அவர் தன் கர்ச்சீப்பைத் தந்தார். தைல நெடி தாங்க முடியாமல் இன்னும் கொஞ்சம் அழுதேன்.

மறுநாள் விஜயதசமி. மறுபூஜை முடிந்து, கார்த்தி நெற்றியிலும் ஸ்க்ரூடிரைவரிலும் ஒரே அளவு குங்குமத்தோடு வந்து சேர்ந்தான். புது பனியனைக் கழற்றி, பெட்டியைத் திறந்தான். அத்தனை பாதுகாப்பையும் மீறி உள்ளே ஒரு தலையணைக்குத் தேவையான பஞ்சு இருந்தது. அதை வழித்துப் போட்டுவிட்டு முகர்ந்து பார்த்தான்.

"போர்டு போயிருச்சுங்க."

"எதனால போச்சுன்னு அப்பாகிட்டக் கொஞ்சம் சொல்லுங்க" என்றேன் ஆவலாக. ஒரு தொழில்நுட்ப சாட்சி கிடைத்துவிட்டது என்று நினைத்தேன்.

கார்த்தி மேஜைக்குக் கீழே பார்த்தான். பெடலைப் பார்த்தான். தயங்கினான். "ஏனுங்கக்கா... கால்ல கீல்ல மிதிச்சீங்களா?"

அம்மா என்னைத் திரும்பிக் கூடப் பார்க்கவில்லை. தேவை இருக்கவில்லை.

கார்த்தி ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, தான் கொண்டுவந்திருந்த கம்ப்யூட்டரில் மாட்டினான். கம்பெனியில் ஒரு மிஷினும் ஓடவில்லை. டெய்லர்கள் எல்லோரும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றார்கள். சேவியர் அண்ணன் சிலுவை போட்டுக்கொண்டார். அம்மா முருகனைக் கூப்பிட்டாள். நான் ஹார்ட் டிஸ்க் செய்த கம்பெனிக்காரனைக் கும்பிட்டேன். திரை கொஞ்ச நேரம் கறுப்பாகவே இருந்து, பிறகு வெளுத்து, கடைசியில் மெல்ல ஒரு குடை தெரிந்தது. குடைக்குக் கீழே தும்பிக்கை. ஷூ போட்ட நாலு காலோடும் யானை முழுதாக நின்றது.

அதற்குப் பிறகு எல்லாம் ஓட்டம்தான். ஃப்ளாப்பியில் ஏற்றி, எம்பிராய்டரி மிஷினில் போட்டு, அயர்ன் சூடு ஆறுவதற்குள் பையிங் ஆபீஸ் ஆளின் கையில் சாம்பிளைக் கொடுத்தோம். சில வாரம் கழித்து ஆர்டர் வந்தது. அப்பா எதிர்பார்த்ததை விடப் பெரிய ஆர்டர். ஃபேக்ஸ் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு அப்பா வீட்டுக்குள் வந்தார். சம்பவத்துக்குப் பிறகு அந்த விஷயத்தைப் பற்றி அவர் வாயைத் திறந்தது அப்போதுதான்.

"மிஷினு போட்ட இடத்துல அம்மிணி கால் வெச்ச நேரம், பாருங்க, ஆர்டர் வந்துருச்சு" என்று அம்மாவிடம் சொன்னார்.

ஆர்டர் வந்தது சேவியர் அண்ணனின் யானையால், அந்த யானை நேரத்துக்கு முடிந்தது என் பெடலால் என்று விளக்க ஆரம்பித்தேன். இருவரும் என் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கம்ப்யூட்டர் செத்ததற்கும் காரணம் என் கால். ஆர்டர் வந்ததற்கும் காரணம் என் கால். இடையில் நான் படித்த இன்ஜினியரிங்குக்குச் செய்ய ஒரு வேலையும் இல்லாமல் போயிற்று. ஆனால் ஜாதகம் பீரோவுக்குத் திரும்பிப் போனது. படிப்பு முடிந்ததும் நான் கம்பெனிக்கு வந்தேன். (வெள்ளகோவில் மாப்பிள்ளை தப்பித்தார். கல்யாணம் பிற்பாடு சாவகாசமாக நடந்தது, அது வேறு விபத்து.) சேவியர் அண்ணனுக்கு அந்தப் பெடலை, விளக்கு இல்லாமல், நடுவில் ஃபியூஸ் வைத்துத் திரும்பச் செய்து கொடுத்தேன். அவர் ஊருக்குப் போகவில்லை. அம்மாவின் கண்ணில் படாமல் மேஜைக்கு அடியில் இன்றும் அதை மிதித்துக்கொண்டிருக்கிறார்.

இப்போது கம்பெனி வளர்ந்துவிட்டது. புதிதாக எந்தத் தையல் மிஷின் வந்தாலும் முதல் மிதி நான் மிதிக்க வேண்டும். நான் வெளியூர் போயிருந்தால் பிளாஸ்டிக் உறையைக் கூடப் பிரிக்காமல் காத்திருப்பார்கள். பக்கத்துக் கம்பெனிக்காரர்கள் கூட, "உங்க பொண்ணக் கொஞ்சம் அனுப்பி வெய்யுங்க, ஒரு மிதி மிதிச்சுட்டு வந்தரட்டும்" என்று அப்பாவிடம் கேட்டு அனுப்புகிறார்கள். அதே சமயம் கம்ப்யூட்டர் வந்தால் கதை வேறு. கம்பெனியின் கம்ப்யூட்டர்கள் அத்தனைக்கும் பொறுப்பு நான்தான். எதை வாங்குவது, எங்கே வைப்பது, எந்த வயரை எதில் செருகுவது எல்லாம் என் முடிவு. ஆனால் அது முதல் தடவை உயிர் பெற்று எழுந்து உட்காரும் வரை நான் அறை வாசலுக்கு வெளியே இருக்க வேண்டும். அங்கே எனக்கென்று ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருக்கிறார்கள்.

போன மாதம் புதிதாக ஒரு கம்ப்யூட்டர் வந்தது. நான் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, இந்த வயர் அங்கே, அந்த வயர் இங்கே என்று உள்ளே இருந்தவர்களுக்குக் கத்திக் கத்திச் சொன்னேன். சேவியர் அண்ணன் சுவிட்சைப் போட்டார். திரை எரிந்தது. எல்லோரும் மூச்சு விட்டார்கள். நானும் எழுந்தேன். உள்ளே நின்றிருந்த அம்மா வாசல் வரை வந்து, குனிந்து என் பாதத்தைப் பார்த்துவிட்டு, கதவை ஒரு கையால் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

"எதுக்கும் எடது கால எடுத்து வெச்சு வா கண்ணு."